காசிக்குப் போன குடுமி

எங்க வகுப்புப் பையன் ஒருத்தன் மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்புகிறான். போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியில் துணியைவிடப் பொடி டப்பாக்கள்தான் அதிகம். அவன் அம்மாவுக்குக் குளிர், சாப்பாடு எல்லாம் இரண்டாவது கவலை. "ஏ ஐயா, அங்க போயி ஆளே மாறிறாத, என்ன!" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

இதே கவலையோடு 1901-இல் ஒரு கடிதம் காசிக்குப் போனது. எழுதியவர் செல்லம்மா. கடையத்துக்காரர், அப்போது பத்துப் பதினோரு வயதுதான் இருக்கும். அங்கே படித்துக்கொண்டிருந்த கணவர் சுப்பையாவின் போக்கு சரியில்லை என்று யாரோ எழுதி அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். சுப்பையா என்றால் நம்ம பாரதியார்தான்.

வெளிநாட்டுப் படிப்பு என்று ஆரம்பித்துவிட்டு காசிக்குப் போகிறானே என்று திட்டாதீர்கள். எட்டயபுரத்திலிருந்து போன பையனுக்கு 1898-இல் காசி வெளிநாடு மாதிரிதான். பாஷை வேறு, எழுத்து வேறு, சாப்பாடு வேறு, மார்கழிக் குளிர் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் அவர் பார்த்த முதல் அந்நிய தேசம் காசியே அல்ல, திருநெல்வேலி! 1894 முதல் 1897 வரை இங்கே இந்து கல்லூரிப் பள்ளியில் படித்தார். அப்பா சின்னசாமி ஐயர் ஆசையாகச் சேர்த்துவிட்ட இங்கிலீஷ் படிப்பு. பின்னாளில் 'சுயசரிதை'யில் அந்தப் படிப்பைப் பற்றி எவ்வளவு கசப்பாக எழுதியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். நம் கவிகளையும் நம் சரித்திரத்தையும் தெரியாமலே பிள்ளைகளை வளர்க்கிற படிப்பு என்பதுதான் அவர் புகார். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு அந்நியமாகிப்போன அனுபவம் அது.

1897-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 14, பெண்ணுக்கு 7. அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். அம்மா ஐந்து வயதிலேயே போயாச்சு. காசியில் இருந்த அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ணசிவனும் பையனைக் கூட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் வீடு கங்கைக் கரையில் அனுமான் கட்டத்தில் இருந்தது. அந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நம்ம பக்கத்துக்கும் காசிக்கும் பழைய தொடுப்பு உண்டு. தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே போய் மடம் நிறுவியவர். சகலகலாவல்லி மாலை பாடியதும் அவருக்கு இந்துஸ்தானி கைவந்தது என்பது மரபு. (பரீட்சைக்கு முந்தின நாள் நானும் பாடிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை :)

ஆக, வெளியே போகாமல் தமிழ் பேசிக்கொண்டு, ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். இன்றைக்கு வெளிநாடு போகிற பசங்க ஊர்க்காரர்களோடு ரூம் போட்டுத் தங்கிக்கொள்வது போல. சுப்பையா அப்படி இருக்கவில்லை. மிஷன் கல்லூரியில் படித்தார், இந்தியும் சமஸ்கிருதமும் கற்றார், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சையில் தேறினார்.

கூடவே குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்தார். மீசை வளர்த்தார். தலைப்பாகை கட்டினார். இன்றைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆசாரமான பிராமண வீட்டில் அன்றைக்கு அது பெரிய கலகம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தியும் கிளம்புவதற்கு முன் குடுமியை எடுத்தார். அங்கே கேலி செய்வார்களே என்ற பயம்தான் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். 1914-இல் கேம்பிரிட்ஜ் போன கணிதமேதை ராமானுஜனுக்கும் கப்பல் ஏறுமுன் சென்னையிலேயே குடுமி போயிற்று. போகிற இடத்துக்குப் பொருந்த வேண்டுமே என்று எடுத்த குடுமிகள் இவை. சுப்பையாவுக்கோ அந்த அவசியமே இல்லை. அனுமான் கட்டத்தில் குடுமி வைத்திருந்தால்தான் பொருந்தியிருப்பார்! பொருந்தாமல் இருப்பதற்காகவே எடுத்த மாதிரி இருக்கிறது.

கிருஷ்ணசிவனுக்குக் கோபம் வந்தது. தன்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார். அம்மா அப்பா இல்லாத பையன், ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறான், வீட்டுக்குள்ளேயே தனி இலை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இது கொஞ்சம் புரியும்.

அப்புறம் மார்கழித் திருவாதிரை வந்தது. பூஜைக்குத் திருவெம்பாவை பாட வேண்டிய ஓதுவார் வரவில்லை. சுப்பையாவைப் பாடச் சொல்லலாம் என்றார் அத்தை. கிராப்புத் தலையோடா என்று தயங்கினார் மாமா. கடைசியில் அவர்தான் பாடினார். பாடி முடித்ததும் மாமா கண்கலங்கிக் கட்டிக்கொண்டார், அதற்கப்புறம் பந்தியில் இடம் கிடைத்தது என்று முடிகிறது கதை. இது குடும்பத்தில் சொல்லிவந்த கதை. ஒரு பாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்பது சினிமா மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்தத் தனி இலையை என்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை. அதே மாதிரி, மீசை முளைத்த பிறகும் திருவெம்பாவை மனப்பாடமாக இருந்தது என்பதையும்.

எட்டயபுரம் ஜமீன்தார் கூப்பிட்டதால் ஊருக்குத் திரும்பினார். மீசையும் தலைப்பாகையும் கூடவே வந்தன. 1918 கடைசியில், கடலூர் சிறையிலிருந்து வெளியே வந்து கடையத்தில் தங்கியபோது அக்ரஹாரத்துக்காரர்களோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. காசியில் பழகிக்கொண்டவருக்குச் சொந்த ஊர்தான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

செல்லம்மாவின் கடிதத்துக்குச் சுப்பையா காசியிலிருந்து பதில் போட்டார். பயப்படும்படி நான் எதுவும் செய்யவில்லை, தப்பான வழியில் போகிறவன் இல்லை, விவரமெல்லாம் நேரில் சொல்கிறேன் என்றார். இப்படிக் கவலைப்படும் நேரத்தில் நீ தமிழை நன்றாகப் படித்தால் எனக்குச் சந்தோஷம் என்றும் எழுதினார். பின்னாளில் பாரதியின் வாழ்க்கை வரலாறு ஒன்று செல்லம்மாவின் பெயரிலேயே புத்தகமாக வந்தது.