மருந்தை வெளியே இறைக்கும் பம்ப்



என் தங்கைக்கு முதல் தடவை கீமோ நன்றாகவே கேட்டது. கட்டி சுருங்கியது. திரும்பி வந்தபோது அதே மருந்து கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. "பத்தியம் சரியா இருக்கல", "மனசை விட்டுட்டா" என்று துக்க வீட்டிலேயே சிலர் பேசினீர்கள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து படித்தேன்.

1970இல் நியூயார்க்கில் ஜூன் பீட்லர் என்ற அம்மையார் ஒன்றைக் கவனித்தார். ஒரு மருந்துக்குப் பழகிப்போன செல்கள், அதுவரை பார்த்தேயிராத வேறு மருந்துகளுக்கும் அசையவில்லை. 1973இல் டென்மார்க்கின் கெல்ட் டானோ, அப்படிப்பட்ட செல்கள் மருந்தை வெளியே தள்ளுகின்றன என்று காட்டினார். தள்ளுவது எது?

1976இல் டொரண்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் அதைப் பிடித்தார்கள். வெள்ளெலியின் செல்களைக் கோல்சிசினில் வளர்த்துப் பழக்கியிருந்தார்கள். (நம் கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே நஞ்சுதான்!) பிழைத்த செல்களின் சவ்வில் ஒரு பெரிய புரதம் மிகுந்திருந்தது. பி-கிளைக்கோபுரதம் என்று பெயரிட்டார்கள். மருந்து உள்ளே நுழையாமல் அது தடுக்கிறது என்றே முதலில் நினைத்தார்கள். 1986இல் அதன் மரபணுவைப் படித்த பிறகுதான் அது ஒரு பம்ப் என்பது தெளிவானது. வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வர வர மோட்டார் போட்டு இறைப்போமே, அப்படி. கரண்டுக்குப் பதில் ஏடிபி. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டினையும் அது இறைத்துவிடும்.

பம்பை அடைத்தால் போதாதா? 1981இல் ஜப்பானின் சுருவோ, வெராபமில் என்ற இதய மருந்தைச் சேர்த்துக் கொடுத்து எலிகளில் அதைச் செய்தும் காட்டினார். மனிதர்களில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒரு காரணத்தை 1994இல் ஆம்ஸ்டர்டாம் எலிகள் சொல்லின. அந்தப் பம்ப் இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு, உண்ணிக்காக ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவை செத்துப்போயின. மருந்து மூளைக்குள் புகுந்துவிட்டது. நம் மூளையையும் குடலையும் நஞ்சிலிருந்து காக்கும் காவல்காரனைத்தான் புற்றுசெல் தனக்கு வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

தங்கைக்கு நடந்தது இதுதானா என்று யாரும் சோதிக்கவில்லை. மருந்திலிருந்து தப்பப் புற்றுசெல்லுக்கு வேறு வழிகளும் உண்டு. அவள் ரசத்தில் புளி சேர்த்துக்கொண்டது அவற்றில் ஒன்றல்ல.

வைகாசியில் வருடத் திதி வருகிறது. எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போங்கள். பத்தியப் பேச்சை மட்டும் அவள் பிள்ளைகள் முன்னால் எடுக்காதீர்கள்.