கண்ணும் கட்டளையும்: மலாக்கா தோட்டங்களின் இரு சொற்கள்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் தமிழர் நாள்தோறும் வழங்கிய கங்காணி, மண்டோர் என்னும் மேற்பார்வைப் பதவிப் பெயர்கள் இருவேறு மொழிகளின் வினைச்சொற்களில் பிறந்தவை. கட்டளையிடுதலைக் குறிக்கும் 'மந்தார்' என்ற போர்த்துகீசிய வினையின் வழிவந்த 'மந்தடோர்' மலாய் மொழியில் சுருங்கி, அங்கிருந்து தமிழர் நாவில் மண்டோர் ஆயிற்று. கங்காணியோ, கண்ணால் கண்டு பேணுதல் என்னும் பொருளுடைய 'கண்காணி' என்ற தமிழ் வினையின் திரிபு.

இந்த வினைக்கு நெடிய வரலாறு உண்டு. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் வரும் ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார் என்போர், கோயில் உடைமையும் அறக்கட்டளைகளும் வகுத்தபடி நடக்கின்றனவா என்று சிவனடியார் சார்பில் பார்த்தவர்கள். அங்கே கண் பதிந்தது பொருளின்மீது, உழைப்பவரின் உடல்மீதன்று; தோட்டத்திலோ அது உடல்மீது திரும்பியது. ஆங்கிலத்திலும் பார்வையைக் குறிக்கும் வினைகள் இவ்வாறு திசைமாறியதுண்டு: மேற்பார்த்தலைக் குறிக்கும் 'ஓவர்சீ' ஒரு காலத்தில் காணாமல் விடுதலையும் உணர்த்தியது, 'ஓவர்லுக்' என்பதற்குக் கண்ணேறு படப் பார்த்தல் என்ற பொருளும் இருந்து வழக்கொழிந்தது.

தோட்ட முதலாளி தான் சாய் யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட பின் பால்மரக்காடுகள் பரவ, ஆள் தேவையும் பெருகியது. தோட்டத்தார் கங்காணியை உரிமம் பெற்றுச் சொந்த ஊருக்கே அனுப்பினர். அவர் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்ததால், கடல் கடந்தவர்க்கு அவரே துணையாகவும் முன்பணக் கடன் கொடுத்தவராகவும் ஆனார். விடியலில் ஆளெண்ணும் 'பெரட்டில்', அதாவது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் திரிந்த அணிவகுப்பில், வந்து நின்றோரின் எண்ணிக்கைக்கேற்ப அவருக்குத் தலைக்காசு கிடைத்ததால், நோயுற்றவரையும் வேலைக்கு எழுப்புவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது. பேணுதற்கு அமைந்த வினை ஆளைக் கணக்கிடும் வினையாகச் சிறுத்தது இந்தத் தலைக்காசினால்தான் என்று கூறலாம். கங்காணியின் தனிக் கொடுமையை மட்டும் காரணமாக்குவது, அந்த ஏற்பாட்டை வகுத்த முதலாளியரை மறைத்துவிடும்.

1907-இல் தோட்ட முதலாளியரிடம் வரி பெற்று அமைந்த தமிழர் குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றதால் கடன்பிடி தளர்ந்தது; 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புதலைத் தடைசெய்ததும் ஊர் சென்று ஆள்திரட்டும் கங்காணி மறைந்தார், மண்டோர் நிலைத்தார். தமிழ்நாட்டிலோ, தேர்வறையில் மாணவரைப் பார்த்து நிற்பவர் இன்றும் கண்காணிப்பாளர்தான்.