மனித ஆற்றல் இயக்கம்

தன்னை உயர்த்திக்கொள்வதையே ஆன்மிகமாகக் கொண்டு 1960களில் கலிபோர்னியாவில் எழுந்த இயக்கம். மதம் மாற வேண்டாம், குருவிடம் சரணடையவும் வேண்டாம். உள்ளே உறங்கும் ஆற்றலை உடல், மனப் பயிற்சிகளால் எழுப்பினால் போதும் என்றது. இதை அமெரிக்க உளவியலின் பிள்ளையாகவே பலரும் பார்க்கிறார்கள். ஆனால் அதன் ஆழமான வேர்களில் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது.

1910-ல் புதுச்சேரி வந்த அரவிந்தர், உலகைத் துறக்காமல் வாழ்வையே உருமாற்றும் பூரண யோகத்தை அங்கே வகுத்தார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஃபிரெடரிக் ஸ்பீகல்பெர்க், 1949-ல் அவரைத் தரிசித்தார். மறு ஆண்டு ஸ்பீகல்பெர்க்கின் வகுப்பில் உட்கார்ந்த மைக்கேல் மர்ஃபி என்ற மாணவர், மருத்துவப் படிப்பு எண்ணத்தையே கைவிட்டார். 1956-ல் புதுச்சேரிக்கு வந்து சுமார் 16 மாதம் அரவிந்தர் ஆசிரமத்தில் தங்கினார். அரவிந்தர் அப்போது உயிரோடு இல்லை. அரவிந்தரின் ஆன்மிகத் துணைவரான அன்னை நடத்திய ஆசிரமத்தில் தியானத்துக்கு இணையாக விளையாட்டும் உடற்பயிற்சியும் மதிக்கப்பட்டன. மனித உடலின் எதிர்காலத்தைப் பற்றி மர்ஃபி 1992-ல் எழுதிய பெருநூலை இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர் ஹரிதாஸ் சௌத்ரி. வங்காளத்துத் தத்துவப் பேராசிரியரான அவரை, அரவிந்தரின் பரிந்துரையின் பேரில் ஸ்பீகல்பெர்க் 1951-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துக்கொண்டார். ஃபுல்டன் தெருவில் சௌத்ரியின் ஆன்மிக மையம் இருந்த வீட்டில்தான் 1960-ல் மர்ஃபியும் ரிச்சர்ட் பிரைசும் ஒன்றாக வசித்தார்கள். மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு அதிர்ச்சி சிகிச்சையின் கொடுமையை அனுபவித்தவர் பிரைஸ். மனத்தைப் புண்படுத்தாமல் குணப்படுத்தும் வழியை அவர் தேடியதில் வியப்பில்லை.

1962-ல் இருவரும் கலிபோர்னியாவின் பிக் சர் கடலோரத்தில், மர்ஃபி குடும்பத்துக்குச் சொந்தமான வெந்நீர் ஊற்று நிலத்தில், இந்த இயக்கத்தின் மையமான எசலென் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆபிரகாம் மாஸ்லோ, ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் போன்ற உளவியலாளர்கள் அங்கே பயிற்சி நடத்தினார்கள்.

அடுத்த கட்டம் வணிகம். 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்டு தொடங்கிய ‘எஸ்ட்’ என்ற பயிற்சி, இரண்டு வார இறுதிகளில், ஹோட்டல் அரங்குகளில், கட்டணத்துக்கு மாற்றத்தை வாக்களித்தது. ஆயுள் முழுவதும் செய்ய வேண்டிய சாதனை இப்படிச் சுருங்கியது பெரிய இழப்பு.

சௌத்ரி வேறு வழியில் போனார். 1968-ல் அவர் நிறுவிய கல்விக்கூடம், இன்று கலிபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்டெக்ரல் ஸ்டடீஸ் என்ற பெயரில் பட்டம் வழங்குகிறது. இந்த இயக்கத்தின் வரலாற்றில் மர்ஃபிக்கு நிகரான இடம் சௌத்ரிக்கும் உரியது.