மதுரை மறைப்பணியும் கன்னிப்பிறப்புக் கொள்கையும்

இயேசு பெருமான் தூய ஆவியின் ஆற்றலால் கன்னி மரியாளிடத்துப் பிறந்தார் என்பது கிறித்தவர் தம் விசுவாச அறிக்கையில் ஓதிவரும் கொள்கையாகும். மத்தேயு, லூக்கா என்னும் இருவர் இயற்றிய நற்செய்தி நூல்களே இதற்கு மூலம். மாற்கும் யோவானும் இப்பிறப்பு வரலாற்றைக் கூறிற்றிலர். 1554-ஆம் ஆண்டில் லிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மறைநூலிலேயே அவ்வறிக்கை தமிழில் இடம்பெற்றுவிட்டது. மரியாள் தன் தாய் வயிற்றில் பாவமாசின்றி உற்பவித்தாள் என்னும் அமலோற்பவக் கொள்கை இதனின் வேறானது. அது 1854-இல் ஒன்பதாம் பத்திநாதரால் அறுதியிடப்பெற்றது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவார் இன்றும் உளராதலின் இதனை ஈண்டுக் கூறவேண்டியதாயிற்று.

1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து மறையுரைக்கப் புகுந்தபோது, அவருக்கு எதிர்நின்ற இடர்ப்பாடு யாது? கன்னி கருவுறுதல் மதுரையார்க்கு நம்புதற்கு அரிதாய் இருந்திருக்கும் என நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். அஃது உண்மையன்று என்பது என் துணிபு. மலயத்துவச பாண்டியன் வேட்ட வேள்வித் தீயினின்றும் மூன்றாண்டுக் குழவியாய்த் தடாதகை தோன்றினாள் எனத் திருவிளையாடற் புராணங் கேட்டு வளர்ந்த ஊர் அது. கருப்பையே வேண்டாத பிறப்பை ஏற்றவர்க்குக் கன்னியின் கருப்பை வியப்புத் தருவதன்று. கதிரவனருளாற் குந்தி கன்னனை ஈன்ற கதையும் அவர் அறிந்ததே.

தடை பிறிதோரிடத்திருந்து வந்தது. சிவபெருமான் பிறப்பிலி, கருவாய்ப்பட்டுப் பிறப்பவன் வினைக்கு உட்பட்டவனாவான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. திருமாலின் அவதாரங்களைச் சைவர் மறுத்ததும் இவ்வேதுவினாலேயாம். ஆகவே, ‘கன்னி எவ்வாறு ஈன்றாள்?’ என்பதினும், ‘கடவுள் ஏன் பிறந்தார்?’ என்பதே மதுரையில் விடைவேண்டி நின்ற வினா. பழைய கத்தோலிக்க உரைநடையிற் பயிலும் ‘மனுஷாவதாரம்’ என்னும் சொல் வைணவர்க்கு எளிதிற் பொருள்பட்டிருக்கும். ஆயின், ஒருமுறையே நிகழ்ந்தது என்னும் கிறித்தவக் கருத்தை அச்சொல் தானே உணர்த்தாது. சைவர்க்கோ அது பழைய தடையை மீண்டும் நினைப்பூட்டும். ஒரு சொல்லைக் கடன்கொள்வோர் அதனோடு வரும் வழக்கையும் உடன்கொள்ள நேர்கின்றது.

அடுத்த நூற்றாண்டில் மதுரை மறைப்பணியில் ஈடுபட்ட வீரமாமுனிவர் (1680–1747) வேறொரு வழியைக் கண்டார். 1726-இல் இயன்றதாகக் கொள்ளப்பெறும் தேம்பாவணி மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 செய்யுளும் உடையது. காப்பியத் தலைவர் இயேசுவுமல்லர், மரியாளுமல்லள். மரியாளை மணந்த சூசையே. எபிரேயத்தில் ‘மிகுதல்’ என்னும் பொருள் தழுவிய அப்பெயரை முனிவர் வளன் எனப் பெயர்த்தார். இப்பெயர்ப்பின் நயம் தனியே ஆராயத்தக்கது.

மத்தேயு இரண்டொரு தொடரிற் சொல்லிக் கடந்த கணவனின் ஐயத்தை முனிவர் ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயநீங்கு படலம்’ என இரு படலமாக விரித்தார். இல்லாள் கருவுற்றிருப்பதைக் கண்டும் அவள்மேற் பழிசுமத்த ஒருப்படாத சான்றோனின் துயரமே அங்குப் பொருள். கொள்கை விளக்கம் மனைவாழ்வின் அவலமாகிவிடுகின்றது. அதற்கு முன்னரே ‘ஈரறம் பொருத்து படலம்’ அமைந்துள்ளமை உற்றுநோக்கற்பாலது. கன்னிமை நோன்பு பூண்ட இருவர் மணந்து, அந்நோன்பு பிறழாமலே இல்வாழ்வு மேற்கொள்வதை, இல்லறம் துறவறம் என்னும் தமிழ் வழக்கில் வைத்து உரைத்த பெற்றி அது. இருவரும் முன்னரே நோன்பு பூண்டிருந்தனர் என்னும் செய்தி நற்செய்தி நூல்களில் இல்லை. முனிவர் பெரிதும் தழுவிய, 1670-இல் வெளிவந்த இசுபானியத் துறவி ஆகிர்தா மரியாவின் நூலில் அஃதுண்டு. ஆனால் அதனை ஈரறம் எனப் பெயரிட்டது முனிவரே. அப்பெயரை அவர் மேனாட்டிலிருந்து கொணர்ந்திருத்தல் இயலாது.