செய்திக்குழுக்களிலிருந்து இணைய மன்றங்களுக்கு

செய்திக்குழு என்பது யூஸ்நெட் என்னும் வலையமைப்பில் ஒரு பொருள் குறித்து நடக்கும் பொது உரையாடல். இணைய மன்றம் அதே வேலையை ஒரு வலைத்தளத்துக்குள் செய்கிறது. கேள்வி, அதன்கீழ் பதில்கள், இழையாக நீளும் விவாதம் என்று இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எழுதியது எங்கே தங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. செய்திக்குழுவில் இட்ட மடல் வழங்கிக்கு வழங்கி படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் பரவும். முழு உரிமை கொண்டாட ஒருவரும் இல்லை. மன்றத்தில் இட்டதோ அதை நடத்துபவரின் வழங்கியில்தான் இருக்கும். கணினித் துறையின் பொது விவாதம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முதல் வகையில் செழித்து, 2000ஆம் ஆண்டையொட்டி இரண்டாவதற்கு இடம்பெயர்ந்தது.

யூஸ்நெட்டுக்கு வழி வகுத்தது ஒரு வசதிக் குறைவு. 1970களின் இறுதியில் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இணைய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தொடர்பு வேண்டும். அது இல்லாத பல்கலைக்கழகங்களிடம் இருந்தவை யூனிக்ஸ் கணினியும் தொலைபேசியும். டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979இல் இவற்றைக் கொண்டே செய்தி பரிமாறத் திட்டமிட்டனர். அருகிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். ஒரு கணினி மோடம் வழியே அடுத்ததை அழைத்து, தன்னிடம் உள்ள புதிய மடல்களைக் கொடுத்து, அதனிடம் உள்ளதை வாங்கிக்கொள்ளும். கட்டணம் குறைவு என்பதால் அழைப்புகள் பெரும்பாலும் இரவில் நடந்தன. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மடல்கள் வரும் என்பதே அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு விரைவிலேயே பொய்த்தது. 1986இல் பிரையன் கான்டர், ஃபில் லாப்ஸ்லி ஆகியோர் எழுதிய என்.என்.டி.பி. நெறிமுறை வந்தபின் செய்திகள் தொலைபேசியை விட்டு இணையத்தில் பாய்ந்தன. அதே காலத்தில் குழுக்களின் பெயர்களும் மாற்றியமைக்கப்பட்டன: கணினிக்குக் ‘காம்ப்’, அறிவியலுக்குச் ‘சை’, சமூகத்துக்குச் ‘சாக்’, வாய்ச்சண்டைக்கு ‘டாக்’. இந்த ஒழுங்கின் பின்னால் இருந்தது பணம். பயனற்ற சச்சரவுகளைக் கடல்தாண்டி வாங்கத் தொலைபேசிக் கட்டணம் செலுத்த ஐரோப்பிய நிலையங்களுக்கு மனமில்லை. தனிப் பெயரின்கீழ் ஒதுக்கினால் அவற்றை வாங்காமல் விடலாம். பெரிய வழங்கிகளை நடத்திய சிலர் எடுத்த இந்த முடிவை ஏற்காதவர்கள் 1987இல் ‘ஆல்ட்’ வரிசையைத் தொடங்கினர். அதில் குழு அமைக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தொழில்நுட்ப விவாதத்தின் பொற்காலம் 1990களின் முற்பாதி என்பது மிகையல்ல. 1991 ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் கைடோ வான் ராசம் பைத்தான் மொழியின் மூலநிரலை ‘ஆல்ட்.சோர்சஸ்’ குழுவில் வெளியிட்டார். ஆகஸ்ட் 6 அன்று டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையைப் பற்றி ‘ஆல்ட்.ஹைப்பர்டெக்ஸ்ட்’ குழுவில் அறிவித்தார். அதே மாதம் 25ஆம் தேதி ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயக்குதளம் செய்துவருவதாகக் ‘காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ்’ குழுவில் எழுதினார். அடுத்த ஜனவரியில் மினிக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் அக்குழுவிலேயே, லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அந்தப் படைப்பைப் பழமையானது என்று சாட, மாணவர் சளைக்காமல் மறுமொழி கொடுத்தார். பேராசிரியரும் மாணவரும் ஒரே வரிசையில் நின்று வாதிட்டதே அந்த இடத்தின் இயல்பு. வாசகர் கையிலும் அதிகாரம் இருந்தது. லாரி வால் 1984இல் எழுதிய ‘ஆர்.என்.’ என்ற வாசிப்பு நிரலில், பிடிக்காத எழுத்தாளரையோ தலைப்பையோ ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டால் அவை கண்ணிலேயே படாது.

தமிழர்களும் ‘சாக்.கல்ச்சர்.தமிழ்’ என்ற குழுவில் கூடினர். ஆங்கில எழுத்துக் குறிகளை மட்டுமே நம்பிய அந்த அமைப்பில் தமிழை ரோமன் எழுத்தில்தான் தட்ட வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தில் விரிவான விவாதம் பின்னர் வந்த மடற்குழுக்களிலும் கருத்துக்களங்களிலும்தான் வேரூன்றியது.

உரிமையாளர் இல்லாததே யூஸ்நெட்டின் பலம். காவலாளி இல்லாமல் போனதும் அதனால்தான். 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் இணையர், அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை அட்டைக் குலுக்கல் குறித்த விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினர். தடுக்க ஒருவராலும் முடியவில்லை. பின்னர் அழிக்க மட்டும் முடிந்தது. அழிக்கும் கட்டளையையும் யார் பெயரிலும் போலியாக அனுப்பலாம் என்பது அடுத்த தலைவலி. ஏ.ஓ.எல். போன்ற நிறுவனங்கள் லட்சக்கணக்கான புதியவர்களைக் கூட்டிவந்தபோது, ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரி மாணவர்களைப் பழக்கியெடுத்த பழையவர்கள், 1993இன் செப்டம்பர் முடியவே இல்லை என்று அங்கலாய்த்தனர்.

பெரிய கோப்புகளைப் பகிரும் ‘ஆல்ட்.பைனரிஸ்’ குழுக்கள் வழங்கிகளின் வட்டுகளை நிரப்பின. எழுத்து மட்டும் வேண்டியவருக்கும் செலவு ஏறியது. இணையச் சேவை நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைகழுவின.

மன்றங்கள் இந்த இடைவெளியில் நுழைந்தன. 2000இல் வெளிவந்த பிஎச்பிபிபி, விபுல்லட்டின் ஆகிய மென்பொருள்கள் இருந்தால் சிறிய வாடகை வழங்கியிலேயே எவரும் மன்றம் நடத்தலாம். பதிவு செய்தவரே எழுத முடியும். எரிதம் எனப்படும் வேண்டாத விளம்பர மடல்களை மட்டுறுத்துநர் உடனே நீக்குவார். படம் ஒட்டலாம், எழுதியதைத் திருத்தலாம். தேடுபொறிகள் பக்கங்களை நேரே எடுத்துக் காட்டின. தனி வாசிப்பு நிரல் தேவைப்படவில்லை. புதியவருக்கு இவ்வளவும் போதும். 2008இல் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஜெஃப் ஆட்வுடும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளம், காலவரிசை உரையாடலையே கைவிட்டு வாக்குகளால் பதில்களை அடுக்கியது. விடை சீக்கிரம் கிடைத்தது. டானன்பாமும் டோர்வால்ட்ஸும் நடத்தியது போன்ற நீண்ட வாதத்துக்கு அங்கே இடமில்லை, கேள்வியே மூடப்பட்டுவிடும். அதன் உள்ளடக்கம் மறுபயன்பாட்டுக்கு இசையும் உரிமத்தில் வெளிவருவதால் வெளியாரும் படியெடுத்து வைக்க முடிந்தது. பெரும்பாலான மன்றங்களில் அதற்கு வழியில்லை. நடத்துபவர் வாடகை கட்ட மறந்தால் பத்தாண்டுப் பதில்களும் போயின.

யூஸ்நெட் மடல்களும் நிலைப்பதற்கென்று எழுதப்பட்டவை அல்ல. வழங்கிகள் அவற்றைச் சில வாரங்களில் அழித்துவிடும். டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் காந்த நாடாக்களில் சேமித்துவந்ததால்தான் முதல் பத்தாண்டின் பெரும்பகுதி தப்பியது. 1995இல் தொடங்கிய டேஜாநியூஸ் என்ற தேடுதளத்தின் தொகுப்பை 2001 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. ஸ்பென்சரின் நாடாக்களையும் அவ்வாண்டு இறுதியில் அதனுடன் இணைத்தது. யாருக்கும் சொந்தமில்லாதிருந்த உரையாடலின் முதன்மையான வாசல் இப்படி ஒரே நிறுவனத்திடம் சென்றது.

பிறந்த இடமான டியூக் பல்கலைக்கழகம் 2010 மே மாதம் தன் வழங்கியை நிறுத்தியது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் செய்திக்குழுக்களை மூடி, பயனர்களைத் தன் வலை மன்றங்களுக்கு அனுப்பியது. 2024 பிப்ரவரி 22 அன்று கூகுளும் யூஸ்நெட்டுடனான இணைப்பைத் துண்டித்தது. பழைய மடல்களை மட்டும் படிக்கலாம். எரிதம் பெருகியதையும் அது ஒரு காரணமாகச் சொன்னது. அதற்கு முந்தைய மாதங்களில் ‘காம்ப்.லாங்.சி’ போன்ற குழுக்களை மூழ்கடித்த எரிதம் கூகுளின் வாசல் வழியாகவே வந்துகொண்டிருந்தது. அக்குழு இன்றும் தன்னார்வலர்கள் நடத்தும் வழங்கிகளில் இயங்குகிறது.