பதிலாள் எறங்கினா கட்டைதான் போடணுமா?

மாசி, பங்குனியில் கும்பப்பூ அறுப்பு முடிஞ்சாச்சுன்னா நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் எங்களுக்கு சேப்பாக்கம்தான். நெல்லுத் தாளை மிதிச்சுச் சமன்படுத்தி, மூணு கம்பை நட்டா பிட்ச் ரெடி. ஒரு வருஷம் பக்கத்து ஊர்க்காரங்களோட மேட்ச். எங்க ஓப்பனிங் பேட்ஸ்மேன் கல்யாண வீட்டுக்குன்னு தக்கலைக்குப் போயிட்டான். தண்ணிக்குடம் சுமந்துக்கிட்டிருந்த என்னை எறக்கி விட்டாங்க. கேப்டன் அண்ணன் காதுல வந்து சொன்னது இன்னும் மறக்கலை: “லேய் மக்கா, நீ ஒண்ணும் அடிக்கண்டாம். கட்டை போட்டாப் போதும், கேட்டியா.”

போட்டேன். நல்லாவே போட்டேன். கடைசியில் 6 விக்கெட் கையில் இருக்க, 4 ரன்னில் தோத்துப்போனோம். யாரும் என்னைத் திட்டலை. “சின்னப் பய, அவன் என்ன செய்வான்”னு சொல்லிட்டுப் போனாங்க. திட்டியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

சரி, கொசுவத்திச் சுருள் சுத்தினது போதும். விஷயத்துக்கு வாரேன். முதல் ஆள் இல்லாம பதிலாள் எறங்கும்போது தலைவர்கள் ஏன் இப்படிப் பதுங்குறாங்க? நம்ம இந்திய கிரிக்கெட் சரித்திரத்திலிருந்தே மூணு சம்பவம் சொல்றேன்.

முதலாவது, 1988 ஜனவரி, சேப்பாக்கம். விவியன் ரிச்சர்ட்ஸின் வெஸ்ட் இண்டீஸ் 1-0 என்று முன்னணியில் இருக்கு. கேப்டன் வெங்சர்க்கார் கல்கத்தா டெஸ்டில் அடிபட்டு உட்கார்ந்தாச்சு. பதில் கேப்டன் ரவி சாஸ்திரி. அணியில் மூணு புதுமுகங்கள்; அதில் ஒருத்தர் நம்ம டபிள்யூ.வி.ராமன், இன்னொருத்தர் கண்ணாடி போட்ட 19 வயசு நரேந்திர ஹிர்வானி. பதுங்கியிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. சாஸ்திரி என்ன செஞ்சார்? பந்தைச் சின்னப் பையன் கையில் கொடுத்து, போடு ராசான்னு விட்டுட்டார். பந்து நல்லாத் திரும்புற பிட்ச்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தப் பிட்சில் 16 விக்கெட் எடுத்தது அந்தப் பையன் ஒருத்தன்தானே! 136 ரன்னுக்கு 16. அறிமுக டெஸ்டில் இன்னைக்கும் அதுதான் சாதனை. ராமன் ரெண்டாவது இன்னிங்ஸில் 83. இந்தியா 255 ரன் வித்தியாசத்தில் ஜெயிச்சுத் தொடர் சமன் ஆச்சு. சாஸ்திரி கேப்டனா ஆடின ஒரே டெஸ்ட் அதுதான்.

ரெண்டாவது, 2011 ஜூலை, டொமினிகா. உலகக் கோப்பை ஜெயிச்சு மூணு மாசம் சொச்சம்தான் ஆகியிருந்துது. சச்சின், சேவாக், கம்பீர், ஜாகீர் யாரும் இல்லை. சேவாக்-கம்பீர் இடத்தில் நம்ம ஊர்ப் பசங்க முரளி விஜயும் அபினவ் முகுந்தும். தொடரில் இந்தியா 1-0 முன்னணி. கடைசி டெஸ்டின் கடைசி நாள், 47 ஓவரில் 180 எடுத்தா 2-0. முகுந்த் பூஜ்யம், விஜய் 45. 32 ஓவர் முடிவில் 3 விக்கெட்டுக்கு 94. மிச்சம் 15 ஓவரில் 86 ரன், 7 விக்கெட் கையில், களத்தில் டிராவிடும் லட்சுமணனும். தோனி கை குலுக்கி டிரா பண்ணிட்டுப் போயிட்டார்! பிட்ச் மெதுவாயிடுச்சு, ரன் வராதுன்னு காரணம். இருக்கலாம். ஆனா முயற்சி பண்ணி, ரெண்டு விக்கெட் போன பிறகு கட்டை போட்டா என்ன கெட்டுப் போயிருக்கும்? அடுத்து எறங்க வேண்டியவங்களில் ஒரு 22 வயசுப் பையன் பெவிலியனில் இருந்தான். அந்த முதல் தொடரில் 5 இன்னிங்ஸில் 76 ரன்தான் எடுத்திருந்தான். பேரு விராட் கோலி. அன்னைக்கு அவனுக்கும் வேலை இல்லை.

மூணாவது உங்களுக்கே தெரியும். 2021 ஜனவரி 15 முதல் 19 வரை, பிரிஸ்பேன். கோலி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பியாச்சு. பதில் கேப்டன் ரஹானே. பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி, விஹாரி எல்லாரும் அடிபட்டுக் கிடக்காங்க. வலைப்பயிற்சியில் பந்து போடப் போன சின்னப்பம்பட்டி நடராஜன் டெஸ்ட் ஆடுறார். 2017-க்குப் பிறகு முதல்தர ஆட்டமே ஆடாத வாஷிங்டன் சுந்தரும் ஆடுறார். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். அப்புறம் 186-க்கு 6 விக்கெட் போன நேரத்தில் சுந்தர் 62, ஷர்துல் தாக்கூர் 67.

கடைசி நாள் கணக்கைப் பாருங்க. இலக்கு 328. டிரா ஆனாலே கோப்பை நம்மகிட்டதான். புஜாரா 56 எடுத்து அவுட் ஆனப்ப 228-க்கு 4. இன்னும் 100 ரன், ஏறக்குறைய 20 ஓவர், எதிரி கையில் புதுப் பந்து. டொமினிகாவில் இருந்த நிலைமைக்கும் இதுக்கும் பெரிய தூரமில்லை. கை குலுக்கியிருக்கலாம். செய்யலை. பந்த் 89 நாட் அவுட், சுந்தர் 29 பந்தில் 22, அதில் கம்மின்ஸை அடிச்ச ஒரு சிக்ஸர். 3 விக்கெட் வெற்றி. 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் தோத்ததே இல்லை. அன்னைக்கு இந்தியாவின் கோச் யாரு? அதே ரவி சாஸ்திரி!

கட்டை போடுறது பாவம்னு நான் சொல்லலை. அதுக்கு முந்தின வாரம்தான் சிட்னியில் விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39 எடுத்து டிரா பண்ணினாங்க. தொடை பிடிச்ச ஒருத்தர், இடுப்பு பிடிச்ச ஒருத்தர். அங்கே ஆட்டமே அதைத்தான் கேட்டுது. ஆனா ஆட்டம் கேக்கிறதுக்காகப் பதுங்குறது வேற, ஆள் மேல நம்பிக்கை இல்லாமப் பதுங்குறது வேற. ரெண்டாவது வகையில் தோத்தா பழி யார் மேலயும் விழாது. அதனாலதான் தலைவர்களுக்கு அது சௌகரியம். நஷ்டம் முழுக்க அந்தப் பதிலாளுக்குத்தான். அவனால முடியுமா முடியாதான்னு அவனுக்கே தெரியாமப் போயிடும்.

எங்க அண்ணனைக் குத்தம் சொல்லலை. அவரும் சின்ன வயசுதான், பயந்துட்டார். ஆனா அன்னைக்கு எனக்கு வந்த ஒரு புல்டாஸை கட்டை போட்டேன் பாருங்க, அது எங்கே போயிருக்கும்னு இப்பவும் சில ராத்திரி யோசிப்பேன்.

வரட்டா?