செம்மணல் கரையும் ஒரு பழைய பயமும்

"முழங்கால் தண்ணிக்கு மேல போகாதே"ன்னு தங்கமணி கரையில இருந்து கத்திக்கிட்டே இருக்காங்க. ஜூனியர் போய்க்கிட்டே இருக்கான். இன்னும் போறான். ஆனாலும் தண்ணி முழங்கால் அளவுதான். அவ்வளவு மெதுவா இறங்குற கரை. கத்திக் கத்தி அலுத்துப்போய் தங்கமணி உட்கார்ந்துட்டாங்க.

இடம் கோசோ தீவு, ரம்லா கடற்கரை. சிசிலிக்குத் தெற்கே இருக்குற மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு இந்தக் கோசோ. உள்ளூர்க்காரங்க வாயில் 'ஆவ்தெஷ்'. மொத்தமே 67 சதுர கிலோமீட்டர்தான். மால்டாவின் வடக்கு முனையில் சிர்கேவ்வாவுல கப்பல் ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள இம்ஜார் துறையில் இறக்கி விட்டுடுவாங்க.

'ரம்லா' என்றால் மணல், 'ஹம்ரா' என்றால் சிவப்பு. ரம்லா இல்-ஹம்ரா, அதாவது செம்மணல். அரபி தெரிஞ்சவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். மால்டா மொழி அரபியின் தங்கச்சி மாதிரி, ஆனா ரோமன் எழுத்தில் எழுதுறாங்க, நிறைய இத்தாலியச் சொற்களும் கலந்திருக்கும். ரத்தச் சிவப்பா இருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க. ஆரஞ்சு கலந்த பொன்னிறம்னு சொல்லலாம். நனைஞ்சா இன்னும் கொஞ்சம் அடர்த்தி.

மணல் கோட்டை கட்டலாம்னு ஜூனியர் கூப்பிட்டான். வாளியோட தண்ணி மொள்ளப் போனப்பதான் கடற்கரையைச் சுத்தி ஒழுங்கா ஒரு பார்வை பார்த்தேன். அப்ப ஒண்ணு உறைச்சது. இரண்டு பக்கமும் குன்று. ஒரு குன்றின் மேல் நதூர் ஊர், இன்னொன்றின் மேல் ஷாரா ஊர். நடுவுல வயலும் நாணலுமா ஒரு பச்சைப் பள்ளத்தாக்கு. இவ்வளவு அழகான மணலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிராமம்கூடக் கிடையாது. எல்லாரும் ஏன் மலை உச்சியில் போய் உட்கார்ந்திருக்காங்க?

விஷயம் இதுதான். இந்தத் தீவின் கரை பெரும்பாலும் செங்குத்தான பாறை. ஓட்டி வந்து படகு நிறுத்த இடமில்லை. மணல் கரைகள் விரல் விட்டு எண்ணுற அளவுதான், அதில் பெரியது ரம்லா. அந்தக் காலத்துத் துடுப்புக் கப்பல்கள் ஆழமில்லாத தண்ணியிலும் வரும். அதில் இருந்து சிறு படகுகளை இறக்கினா நேரா மணலில் வந்து மோதி நிற்கும். முழங்கால் தண்ணியில் குதிச்சு ஓடி வரலாம். பின்னாடியே ஊருக்குள்ள போக ஒரு பள்ளத்தாக்கு. எந்தக் காரணத்துக்காக ஜூனியரைத் தைரியமா இங்க விளையாட விட்டோமோ, அதே காரணத்துக்காகத்தான் இந்தத் தீவு மக்கள் பல நூற்றாண்டுகள் இந்த மாதிரிக் கரைகளைப் பார்த்து நடுங்கியிருக்காங்க.

பயம் கற்பனை இல்லை. 1551 ஜூலையில் நடந்ததைச் சொல்றேன்.

1530இல் மால்டாவும் கோசோவும் செயின்ட் ஜான் வீரர் சபையின் கைக்கு வந்தன. இவர்கள் ஐரோப்பாவின் பல நாடுகளில் இருந்தும் வந்த கிறிஸ்தவத் துறவிப் படையினர். எதிர்ப்பக்கம் ஒட்டோமான் சாம்ராஜ்யம். 1551இல் சினான் பாஷா தலைமையில் ஒட்டோமான் கப்பற்படை மால்டாவுக்கு வந்தது. கூடவே துர்குத் ரெய்ஸ். ஐரோப்பியர்கள் 'டிராகுட்' என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்திய ஆள். மால்டாவில் கோட்டைகளைப் பார்த்தார்கள், உள்நாட்டு நகரமான இம்தினா வரை போனார்கள், சுலபத்தில் முடியாது என்று தெரிந்ததும் கோசோ பக்கம் திரும்பினார்கள்.

கோசோவில் இருந்தது ஒரே ஒரு கோட்டை. தீவின் நடுவில், குன்றின் மேல், சித்தாதெல்லா. மக்கள் எல்லாம் அதற்குள் ஓடிப் புகுந்தார்கள். பீரங்கிக் காலத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத பழைய சுவர். சில நாட்களுக்குள் ஆளுநர் கலேஷியன் தே செஸ்ஸா சரணடைந்தார். நான் தேர்ந்தெடுக்கும் நாற்பது பேரை விட்டுவிட வேண்டும் என்று கேட்டாராம். சினான் பாஷா ஒத்துக்கொண்டு, தீவிலேயே வயதில் மூத்த கிழவர்கள் நாற்பது பேரை விட்டுவிட்டு, மூத்தவர்தானே முதன்மையானவர் என்று சொல்லிவிட்டாராம். ஆளுநரும் கைதியாகப் போனார். சபையின் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்த கதை இது. எதிரியைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் உப்பு, காரம் சேர்த்திருப்பார்கள். ஆனால் எண்ணிக்கையைப் பற்றிப் பெரிய சந்தேகம் இல்லை: ஏறக்குறைய 5,000 பேர். தீவின் மக்கள் தொகையில் பெரும்பகுதி. மொத்தமாகக் கப்பலில் ஏற்றித் திரிப்போலிப் பக்கம் கொண்டு போனார்கள். சுமார் 300 பேர் சுவரில் கயிறு கட்டி இறங்கித் தப்பினார்கள் என்று சொல்வார்கள். பணம் கொடுத்து மீட்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் போனவர்கள் போனவர்கள்தான்.

முதல் நாள் சித்தாதெல்லாவுக்கும் போயிருந்தோம். அங்க ஒரு குறுகலான தெருவுக்கு பெர்னார்தோ தே ஒபுவோ என்று பெயர். யாரோ கவுன்சிலர் போலன்னு நினைச்சேன். சிசிலியில் இருந்து வந்த சிப்பாய் அவர். கோட்டை விழப்போகிறது என்று தெரிந்ததும் மனைவியையும் இரண்டு மகள்களையும் தன் கையாலேயே கொன்றுவிட்டு, வெளியே போய்ச் சண்டையிட்டுச் செத்தாராம். தெருவுக்குப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதை வீரம்னு என்னால சொல்ல முடியல. அந்த மனைவியைப் பத்தியும் மகள்களைப் பத்தியும் யாராவது ஒரு வரி எழுதியிருக்காங்களான்னுதான் மனசு கேட்டது. தங்கமணி அந்தத் தெருவுல போட்டோ எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

காலியான தீவுக்கு மால்டாவில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்து குடியேறினார்கள். 1637 வரைக்கும் கோசோ மக்கள் இரவானால் கோட்டைக்குள் வந்துதான் தூங்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. பகல் முழுக்க வயலில் வேலை செய்துவிட்டு, பிள்ளைகுட்டியோடு குன்று ஏறி வரவேண்டும். நதூர் என்ற பெயரே 'காவல் பார்க்கும் இடம்' என்ற பொருளில் வந்ததுதான். அந்த ஊரின் இலச்சினையில் இருக்கும் லத்தீன் சொல்லுக்கு அர்த்தம் 'விழித்திருக்கிறது'.

நியாயமா இன்னொண்ணும் சொல்லிடணும். இது ஒருபக்கக் கொடுமை இல்லை. வீரர் சபையின் கப்பல்களும் மால்டாக் கடற்கொள்ளையர்களும் வட ஆப்பிரிக்கக் கரையில் இதையேதான் செய்தார்கள். வலேட்டாவில் முஸ்லிம் அடிமைகளை அடைக்கத் தனிச் சிறையே இருந்தது. துனிசிலும் திரிப்போலியிலும் ஏதோ ஒரு மணல் கரையில் ஒரு அம்மா இதே பயத்தோட கடலைப் பார்த்திருப்பாங்க.

18ஆம் நூற்றாண்டில்தான் சபை ரம்லாவைப் பூட்டத் தொடங்கியது. 1715-16 வாக்கில் விரிகுடாவின் இரண்டு பக்கமும் பீரங்கி மேடைகள், கரையில் காவல் அரண். படகுகள் மணலுக்கு வரமுடியாமல் தண்ணீருக்கு அடியில் குறுக்கே ஒரு கல் சுவர்! குழந்தைகள் குளிக்கும் இடத்துக்கு அப்பால் அதன் மிச்சம் இன்னும் கிடக்கிறது. இதுக்கும் மேல ஒண்ணு உண்டு, ஃபுகாஸ். பாறையைச் சாய்வாகக் குடைந்து, பெரிய பானை மாதிரி குழி. அடியில் வெடிமருந்து, மேலே கற்கள். படகு கிட்டே வந்ததும் பற்ற வைத்தால் கல்மழை. 1741 முதல் மால்டாக் கரைகளில் இப்படி டஜன் கணக்கில் வெட்டினார்கள். ரம்லாவிலும் ஒன்று மிச்சமிருக்கு. ஜூனியர் பார்த்துட்டு, "அப்பா, குப்பைத்தொட்டியா?"ன்னான்.

இத்தனை ஏற்பாடும் எதுக்கு உதவுச்சு? 1798 ஜூன் 10 அன்று நெப்போலியனின் படையில் ஒரு பகுதி, ஜெனரல் ரெய்னியர் தலைமையில் கோசோவுக்கு வந்தது. ரம்லா பீரங்கிகள் சுட்டன. பிரெஞ்சுக்காரர்கள் மணலை விட்டுவிட்டு, பக்கத்திலேயே நதூருக்குக் கீழே இருந்த கரட்டுச் சரிவில் ஏறி வந்துவிட்டார்கள். முன்கதவுக்கு ஏழு பூட்டு, திருடன் கொல்லைப்பக்கமா வந்த கதைதான். அதே மாதத்தில் நெப்போலியன் மால்டாவில் அடிமைத்தனத்தையும் ஒழித்தார். கூடவே தேவாலயங்களின் வெள்ளியையும் அள்ளினார்கள். சில மாதங்களில் மக்கள் கிளர்ந்தெழுந்து துரத்தியது தனிக்கதை.

இந்த மணலுக்கு அடியில் ஒரு ரோமானிய மாளிகையும் இருக்கு. 1910-12இல் தோண்டிப் பார்த்தார்கள், நிறைய அறைகள், குளியல் தொட்டிகள் எல்லாம் கிடைத்தன. பிறகு மணல் மூடிவிட்டது. நாம துண்டு விரிச்சுப் படுக்குறதுக்கு எங்கேயோ கீழே யாரோ வெந்நீர்க் குளியல் போட்டிருக்காங்க. ஆக, கடலைப் பார்த்துப் பயப்படாத காலமும் இந்தக் கரைக்கு இருந்திருக்கு. பயம் நடுவுல வந்ததுதான்.

போறவங்களுக்குச் சில குறிப்புகள். ரம்லா வடக்கு பார்த்த கரை. வடக்கில் இருந்தோ வடமேற்கில் இருந்தோ காத்து பலமா அடிச்சா அடிநீரோட்டம் இழுக்கும், சிவப்புக் கொடி ஏத்துவாங்க. அன்னிக்குப் பிள்ளைகளைத் தண்ணியில் இறக்காதீங்க, வேற நாள் வாங்க. விக்டோரியாவில் இருந்து பஸ் இருக்கு. ஒடிசியஸை ஏழு வருஷம் பிடிச்சு வச்ச கலிப்ஸோவின் குகைன்னு ஷாரா பக்கம் மேல ஒண்ணு காட்டுவாங்க. நாங்க போனப்ப மண் சரியுதுன்னு மூடி வச்சிருந்தாங்க. கவலைப்படாம எதிர்ப்பக்கக் குன்றில் இருக்குற மிஷ்தா குகைக்கு ஏறுங்க. முழு விரிகுடாவும் தெரியும், தண்ணி தெளிவா இருந்தா அந்தக் கல் சுவரையும் தேடிப் பாருங்க. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கங்க. தங்கமணி செருப்போட ஏறிட்டு இன்னும் என்னைத் திட்டிக்கிட்டிருக்காங்க.